ஃபில்டரா, குளோரினா, காய்ச்சுறதா: எங்க ஊருக்கு எதை எடுக்கிறதுன்னு பார்த்த கணக்கு

போன ஐப்பசி மழையில எங்க அம்மா ஊர்ல ஒரே வாரத்துல தெருவுக்கு ரெண்டு மூணு வீடுன்னு வாந்தி பேதி, அதுல பாதி சின்னப் பிள்ளைங்க, ஒரு கைக்குழந்தைய ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் புடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் டிரிப்ஸ் ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. ஊர் பெருசு இல்ல, 180 வீடு, 30,000 லிட்டர் டேங்க் ஒண்ணு, பாதி வீட்டுக்கு வீட்டுக்குழாய், மீதிக்கு தெருக்குழாய், காட்டுப் பக்கம் தள்ளி இருக்கிற சில வீடுகளுக்கு சொந்த போர். வெளியூர்ல வேலை பார்க்கிற நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ஊர் தண்ணிக்குன்னு காசு போட்டோம். போட்ட அன்னிக்கே ஆளுக்கு ஒரு யோசனை. வீட்டுக்கு ஒரு ஃபில்டர் வாங்கிக் கொடுத்துடலாம்னு ஒருத்தர், மகளிர் குழு மூலமா குளோரின் மாத்திரை கொடுக்கலாம்னு இன்னொருத்தர், எதுவும் வேணாம் எல்லாரும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி நோட்டீஸ் அடிச்சாப் போதும்னு ஒரு பெரியவர். எதுக்குக் காசு போடறதுன்னு பார்க்கச் சொல்லி என்கிட்ட விட்டாங்க, நானும் ரெண்டு மூணு மாசம் இதைப் பத்தி உலகத்துல எங்கெங்க என்ன பண்ணிப் பார்த்திருக்காங்கன்னு படிச்சேன், ஊருக்குப் போய் வீடு வீடா உக்காந்தும் பார்த்தேன். இதே மாதிரி முடிவெடுக்க வேண்டிய ஊர் நிறைய இருக்கும்ங்கிறதால முழுசா எழுதிடறேன்.

முதல்ல ஊருக்குப் போன அன்னிக்கு நடந்தது. போன வீடு எல்லாத்துலயும் "காய்ச்சித்தாம்மா குடிக்கிறோம்"னு சொன்னாங்க. யாரும் ஏமாத்தணும்னு சொல்லல, வந்தவங்க மனசு கோணக்கூடாதுன்னு சொல்றதுதான், நர்சம்மா கேட்டா நாமளும் அப்படித்தான் சொல்லுவோம். அப்புறம் சித்தி ஒருத்தங்க வீட்டுல தாகமா இருக்கு, அந்தக் காய்ச்சின தண்ணியில ஒரு டம்ளர் கொடுங்கன்னு கேட்டப்போ, குடத்துல இருந்து சொம்பால மொண்டு கொடுத்தாங்க. காய்ச்சின தண்ணி வச்சிருக்கிற பாத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்ட வீடுகள்ல உண்மையிலேயே காட்டினது ஒண்ணு ரெண்டு வீடுதான், அதுவும் கைக்குழந்தைக்குன்னு தனியா வச்சிருந்தது. எந்த முறை எத்தனை கிருமியக் கொல்லும்னு படிச்சுட்டு இருந்தவளுக்கு அன்னிக்குத்தான் கேள்வியே தப்புன்னு தெரிஞ்சுது. கேட்க வேண்டியது இதுதான், ஆறு மாசம் கழிச்சு சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் காலையில போய் நின்னா எத்தனை வீட்டுக் குடத்துல சுத்தமான தண்ணி இருக்கும்?

இந்தக் கேள்வியோட திரும்பவும் படிக்க ஆரம்பிச்சப்போ குவாத்தமாலா கதை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அங்க மலைக் கிராமங்கள்ல ஒரு பவுடர் பாக்கெட் கொடுத்துப் பார்த்தாங்க, கலங்கின 10 லிட்டர் தண்ணியில கொட்டிக் கலக்கினா அழுக்கு எல்லாம் திரண்டு அடியில தங்கிடும், அதுலயே குளோரினும் இருக்கு, துணியில வடிகட்டிக் கொஞ்ச நேரம் விட்டுக் குடிக்கலாம். ஆராய்ச்சி நடந்தப்போ பேதி 39 சதவீதம் குறைஞ்சுது, பிரமாதம்னு அதே ஊர்கள்ல அதைக் கடையில விக்கவும் ஏற்பாடு பண்ணினாங்க. ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, ஏற்கனவே அந்த ஆராய்ச்சியில இருந்த 462 வீட்டுல தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்தினது வெறும் 22 வீடு. அஞ்சு சதவீதம்! மருந்து அதேதான், ஜனங்களும் அதே ஜனங்கதான், வாரா வாரம் கதவைத் தட்டி ஞாபகப்படுத்தின ஆள் மட்டும் இல்ல. அதனால எந்தத் திட்டத்தைப் பத்தி யார் என்ன சதவீதம் சொன்னாலும், அது ஆள் வச்சுப் பார்த்துக்கிட்ட காலத்துக் கணக்கா, ஆள் போனப்புறம் எடுத்த கணக்கான்னு கேளுங்க.

சரி, ஒவ்வொண்ணா வர்றேன்.

காய்ச்சுறது. கிருமியக் கொல்றதுல இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல, தளதளன்னு கொதி வந்தாப் போதும், குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி இருக்கே அதுவும் செத்துப் போகும். உலகத்துல அதிக ஜனங்க செய்றதும் இதுதான், 100 கோடிக்கு மேலன்னு கணக்கு. ஆனா செலவு? அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு 10 லிட்டர்னு வச்சுக்குங்க, அதை 30 டிகிரியில இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, அடுப்புல வீணாகிற சூட்டையும் சேர்த்துப் போட்டா மாசத்துக்கு மூணு கிலோவுக்கு மேல கேஸ் ஆகுது. 14.2 கிலோ சிலிண்டர்ல அஞ்சுல ஒரு பங்கு தண்ணிக்கே போயிடும். நூறுநாள் வேலைக்குப் போற வீட்டுல யாரு அதுக்கு ஒத்துக்குவா, விறகடுப்புன்னா புகையில உக்கார்றதும் அவங்கதான், பொறுக்கிட்டு வர்றதும் அவங்கதான். காய்ச்சின தண்ணிக்கு அப்புறம் காவலும் கிடையாது, ஆறவச்சு வேற பாத்திரத்துல ஊத்தி ஒரு பிள்ளை கையை விட்டு மொண்டா பழைய கதைதான். கைக்குழந்தைக்கும் உடம்பு சரியில்லாதவங்களுக்கும் காய்ச்சுங்கன்னு சொல்றது சரி, மொத்த ஊருக்கும் திட்டம்னா இது ஆகாது. நோட்டீஸ் அடிக்கிறது காசைத் தண்ணியில போடறதுதான்.

வெயில்ல வைக்கிறது. தெளிவான பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி நிரப்பி ஓட்டு மேல, தகரத்து மேல ஆறு மணி நேரம் நல்ல வெயில்ல வைக்கணும், மேகமூட்டம்னா ரெண்டு நாள். 1980 வாக்குல பெய்ரூட்ல ஆரம்பிச்ச யோசனை, சுவிட்சர்லாந்து நீர் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துப் பரப்பினது. செலவே இல்லாததால நான் இதுல ஆசையா இருந்தேன், நம்ம ஊர் வெயிலுக்கு என்ன குறைச்சல்! நம்ம வேலூர்லயே பண்ணிப் பார்த்திருக்காங்க, 2006ல வெளிவந்த ஆய்வு, 200 பிள்ளைங்க, வெயில்ல வச்ச தண்ணி குடிச்ச பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு 1.7 தடவ பேதி, மத்த பிள்ளைங்களுக்கு 2.7 தடவ. நல்ல குறைவுதான். ஆனா அதே ஆய்வுல 86 சதவீதப் பிள்ளைங்க வெளியில வேற தண்ணியும் குடிச்சிருக்காங்க, கிராமம் இல்ல நகரத்துக் குடிசைப் பகுதி, யாருக்கு எந்தத் தண்ணின்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அந்த எண்ணை அப்படியே தூக்கி எங்க ஊருக்குப் போட எனக்கு மனசு வரல. பொலிவியாவுல 22 கிராமத்துல பெருசாப் பண்ணி 2009ல வெளியிட்டாங்க, அவ்வளவு பிரசாரம் பண்ணியும் ஒழுங்கா வெயில்ல வச்சது மூணுல ஒரு பங்கு வீடுதான், பேதி குறைஞ்சதுன்னு உறுதியாச் சொல்ல முடியல. ஏன்னு யோசிச்சாத் தெரியும், அஞ்சு பேருக்கு நாளைக்கு அஞ்சாறு பெரிய பாட்டில், தினமும் கழுவி நிரப்பி ஏத்தி இறக்கி, சாயந்திரம் சூடா இருக்கிற தண்ணிய ராத்திரி பூரா ஆறவிட்டு. எங்களுக்கு வியாதி வந்ததே வெயில் இல்லாத ஐப்பசியில. இதை விட்டுட்டேன்.

ஃபில்டர் கதை கொஞ்சம் வேற. டவுன்ல விக்கிற கரண்ட் ஃபில்டர சொல்லல, களிமண்ணுல உமியோ மரத்தூளோ கலந்து சுட்ட பானை ஃபில்டர். 1981ல குவாத்தமாலாவுல உருவாக்கினாங்க, வெள்ளிச் சத்து தடவி பக்கெட்டுக்குள்ள தொங்கவிட்டிருப்பாங்க, மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் சொட்டு சொட்டா இறங்கும், கீழ குழாய் இருக்கிறதால யாரும் கையை விட முடியாது. கம்போடியாவுல இதை வச்சு பேதி பாதியாக் குறைஞ்சுது. ருசி மாறாது, தண்ணி குளிர்ச்சியா இருக்கு, பார்க்கவே ஒரு பொருள் மாதிரி இருக்கிறதால வீட்டுல மதிப்பா வச்சிருப்பாங்க. சிக்கல் என்னன்னா உடையும். கம்போடியாவுலயே கொடுத்த வீடுகளுக்குப் பல மாசம், வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தப்போ மாசத்துக்கு ரெண்டு சதவீதம் கணக்குல பயன்பாடு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு, முக்கியக் காரணம் உடைஞ்சது. அப்படின்னா 180 ஃபில்டர் கொடுத்தா முதல் வருஷ முடிவுல நாப்பது வீட்டுல இருக்காது. மாத்து பானை பக்கத்துல கிடைக்கிற ஊர்னா இது ரொம்ப நல்ல வழி, எங்க பக்கம் அது கிடையாது, ஒரு தடவ வாங்கிக் கொடுத்து போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

மணல் ஃபில்டர் காங்கிரீட்ல செஞ்சா நகர்த்தவே முடியாத கனம், அதனால அதை விட்டுட்டேன். ஆர்ஓ பத்தியும் கேட்டாங்க. ஃப்ளோரைடு, உப்பு இருக்கிற தர்மபுரி மாதிரி பக்கத்துக்கு அது வேற கேள்வி, அங்க காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் ஃப்ளோரைடு போகாது, அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. எங்க தண்ணியில உப்பு பிரச்சனை இல்ல, கிருமிதான். முதல்ல உங்க ஊர்த் தண்ணியில இருக்கிறது ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்காம ஒரு ரூபாகூட செலவு பண்ணாதீங்க.

இப்போ குளோரின், இதுலதான் நான் அதிக நாள் உக்காந்தேன்.

குளோரினோட பெரிய குணம், போட்டப்புறமும் கொஞ்சம் தங்கும். அரை மணி நேரம் கழிச்சு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்து, குடிக்கிறப்போ 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருந்தா, நடுவுல ஒரு கை பட்டாலும் அது பார்த்துக்கும். காய்ச்சுறதுக்கும் வெயிலுக்கும் இந்தக் காவல் இல்ல. இன்னொண்ணு, இருக்கா இல்லையான்னு ரெண்டு சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்து அந்த இடத்துலயே சொல்லிடலாம், யார் வாயையும் நம்ப வேணாம். குறைன்னா ருசி, வாடை. ஒரு பாட்டி என்கிட்ட சொன்னாங்க, "சோறு வடிச்சாலும் அந்த நாத்தம் போகல சாமி, இதைக் குடிக்கிறதுக்கு கெணத்துத் தண்ணியே தேவல"ன்னு. இதை அறியாமைன்னு தள்ளிடக் கூடாது. மழை வெள்ளம் வந்தா கொடுக்கிற மாத்திரையில 20 லிட்டருக்கு ஒண்ணுன்னு வர்ற அளவை எங்க ஊர்ல 15 லிட்டர்கூடப் புடிக்காத பிளாஸ்டிக் குடத்துல போடறாங்க, மூணுல ஒரு பங்கு கூடிப் போகுது, வாடை அடிக்கத்தான் செய்யும். குடத்து அளவுக்கு ஏத்த மருந்து கொடுக்காதது நம்ம தப்பு. தண்ணி கலங்கலா இருந்தா இன்னும் மோசம், குளோரின அழுக்கே தின்னுடும், ரெட்டிப்புப் போடணும். அதுக்கு முன்னாடி தெளிய வைக்கணும், தேத்தாங்கொட்டைய குடத்துக்குள்ள உரசி வைக்கிறது எங்க ஆயா செஞ்சது, பழைய சேலையை நாலா மடிச்சு வடிகட்டறதும் சும்மா இல்ல. வங்காளதேசத்துல மத்லப் பக்கம் கிராமங்கள்ல ரீட்டா கோல்வெல்ங்கிற அமெரிக்க விஞ்ஞானியோட குழு அதை மட்டுமே செய்யச் சொல்லி காலரா 48 சதவீதம் குறைஞ்சுது, அஞ்சு வருஷம் கழிச்சுப் போனப்பவும் 31 சதவீதப் பொண்ணுங்க யாரும் சொல்லாமலே வடிகட்டிட்டு இருந்திருக்காங்க. மேல சொன்ன அஞ்சு சதவீதத்தோட இதை வச்சுப் பாருங்க. ஏற்கனவே வீட்டுல இருக்கிற பொருள், ஏற்கனவே செய்ற வேலையோட ஒட்டிப் போறது, அதான் நிக்குது.

வீட்டுக்கு வீடு மாத்திரை கொடுக்கிற வழிக்கு எனக்கு சரியான பதில் சொன்னது ஒடிசாவுல பண்ணின ஆய்வு, 2013ல வெளிவந்தது. 2,163 வீடு, பாதிக்கு குளோரின் மாத்திரை, பாதிக்கு அதே மாதிரி இருக்கிற டம்மி மாத்திரை, எது எதுன்னு வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது, கேக்கப் போனவங்களுக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் பேதி ஒரே அளவு. இலவசமாக் கொடுத்தும், குளோரின் கொடுத்த வீட்டுத் தண்ணியில சோதிச்சப்போ குளோரின் இருந்தது சராசரியா 32 சதவீதம். டம்மி வச்ச வேற சில ஆய்வுலயும் பலன் தெரியல, டம்மி இல்லாத நிறைய ஆய்வுல நல்ல பலன். நல்ல தண்ணி குடிக்கிறோம்னு தெரிஞ்சவங்க, வீடு தேடி வந்து கேக்கறவங்க முகத்துக்காகவே பிள்ளைக்குப் பேதி இல்லைன்னு சொல்லிடறாங்க, அதான் காரணமா இருக்கணும். 2015ல எல்லா ஆய்வையும் தொகுத்துப் பார்த்தவங்க வீட்டுக் குளோரின் பேதிய கால்வாசி குறைக்கும், ஃபில்டர் பாதி குறைக்கும்னு சொல்லிட்டு, குளோரினுக்கு ஆதாரம் பலமா இல்ல, ஃபில்டருக்கு நடுத்தரம்தான்னும் சேர்த்துத்தான் எழுதினாங்க. அந்தப் பின்பாதிய விட்டுட்டு முன்பாதிய மட்டும் நோட்டீஸ்ல போடறதை நிறையப் பார்த்துட்டேன்.

அப்போ குளோரினே வீணா? இங்கதான் கென்யா. மேற்குக் கென்யாவுல, 2019ல பொருளாதார நோபல் வாங்கின மைக்கேல் க்ரெமரும் அவர் கூட்டாளிகளும் பல வருஷம் ஒரே பகுதியில மாத்தி மாத்திப் பார்த்தாங்க. முதல்ல ஜனங்க தண்ணி எடுக்கிற ஊத்துகளச் சுத்தி சிமெண்ட் கட்டினாங்க, ஊத்துலயே எடுத்த தண்ணியில மலக்கிருமி 66 சதவீதம் குறைஞ்சுது, அதே தண்ணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்போ குறைவு 24 சதவீதம்தான். வழியிலயும் குடத்துலயும் அவ்வளவு திரும்பச் சேர்ந்துடுது. அப்புறம் குளோரின் பாட்டில். கடையில காசு கொடுத்து வாங்கிப் போடறவங்க பத்துல ஒருத்தர்கூட இல்ல, பாதி விலைக்குக் கூப்பன் கொடுத்தும் பெருசா ஏறல, வீட்டுக்கே கொண்டுபோய் இலவசமாக் கொடுத்தா பாதிக்கு மேல போட்டாங்க. கடைசியா, தண்ணி எடுக்கிற இடத்துலயே கம்பத்துல ஒரு டப்பா மாட்டி, திருகினா ஒரு கேனுக்கு வேணும்ங்கிற அளவு குளோரின் சரியா விழுற மாதிரி வச்சாங்க, நிரப்பிப் பார்த்துக்க அந்த ஊர் ஆளே ஒருத்தர். அறுவது சதவீதத்துக்கு வந்து நின்னுச்சு.

மருந்து ஒண்ணுதான், இடம்தான் மாறுச்சு. வீட்டுல பாட்டில் எங்கன்னு தேட வேணாம், எவ்வளவு ஊத்தணும்னு மூடிய வச்சு அளக்க வேணாம், தண்ணி எடுக்கிறப்போ கண்ணு முன்னாடி இருக்கு, பக்கத்து வீட்டுக்காரி போடறா நானும் போடறேன், நடந்து வீட்டுக்குப் போற நேரத்துல குலுங்கிக் கலந்துடும், அரை மணி நேரக் காத்திருப்புல பாதி வழியிலயே கழிஞ்சுடும். தண்ணி தூக்கறவங்களோட நாள்ல எந்த இடத்துல இந்த வேலை உக்காரும்னு பார்த்துப் பண்ணியிருக்காங்க.

அதுக்காக டப்பா மாட்டினா எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல முடியாது. 2018ல வந்த பெரிய ஆய்வுல கென்யாவுல இதே மாதிரி டப்பா வச்சும் பேதி குறையல, அங்க சோதிச்சப்போ குளோரின் இருந்த வீடு பாதிக்கும் கம்மி. அதே வருஷம் அதோட ஜோடி ஆய்வு வங்காளதேசத்துல, மாத்திரையும் மூடி போட்ட பாத்திரமும் கொடுத்து அடிக்கடி வீட்டுக்குப் போயும் தண்ணி மட்டும் சரி பண்ணின பிரிவுல பெருசா வித்தியாசம் தெரியல, கழிப்பறை, கைகழுவுறது பிரிவுகள்ல தெரிஞ்சுது. இன்னொரு பக்கம் க்ரெமர் குழு 15 ஆய்வுகள ஒண்ணாச் சேர்த்து, தண்ணிய சுத்தம் பண்ணினா அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைச் சாவு கால்வாசி அளவுக்குக் குறையுதுன்னு காட்டினாங்க. சாவுக் கணக்குல முகத்துக்காக சொல்றதுன்னு ஒண்ணு கிடையாது, அதனால நான் இதை ரொம்ப மதிக்கிறேன். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் படறது, ஜனங்க கிட்டத்தட்ட எல்லா நாளும் அந்தத் தண்ணியக் குடிச்சாத்தான் பலன், விட்டு விட்டுக் குடிச்சா ரொம்பக் கம்மி. 2012ல ஒரு கணக்கு போட்டுக் காட்டினாங்க, தண்ணி ரொம்ப மோசமான இடத்துல, சுத்தம் பண்ணின தண்ணியக் குடிக்கிறது நூறுல இருந்து தொண்ணூறு சதவீதமாக் குறைஞ்சாலே பலன்ல பெரும்பகுதி, 96 சதவீதம் வரைக்கும்கூட போயிடலாம்னு. காட்டு வேலைக்குப் போன இடத்துல ஒரு சொம்பு, ஸ்கூல் குழாய்ல ஒரு வாய், அதுல வந்துடும் வியாதி.

அப்படின்னா, போடணும்னு யாருமே ஞாபகம் வச்சுக்க வேண்டாத வழி எது? எங்க ஊர்ல அது தலைக்கு மேலயே நிக்குது, டேங்க். டாக்கா பக்கம் பொதுக்குழாய்கள்ல தண்ணி போறப்பவே தானா குளோரின் கலக்கிற ஒரு கருவிய மாட்டி, இன்னொரு பக்கம் வைட்டமின் சி போட்டு யாருக்கும் தெரியாம ஒப்பிட்டாங்க, 2019ல வெளிவந்துச்சு, பிள்ளைங்க பேதி 23 சதவீதம் குறைஞ்சுது. டம்மி வச்சும் பலன் தெரிஞ்ச ஆய்வு, ஏன்னா யாரும் எதையும் செய்ய வேண்டியதே இல்ல. டாக்கா நகரம்தான், ஆனா குழாய்த் தண்ணி விட்டு விட்டு வர்றதுல எங்க ஊரும் அப்படித்தான்.

டேங்க்ல ப்ளீச்சிங் பவுடர் போடறாங்களே அப்புறம் என்னன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட உக்காந்து கேட்டேன், ஒளிக்காமச் சொன்னாரு, "பவுடர் வந்தாப் போடுவேன், வரலைன்னா எங்க போவேன், மூட்டை மோட்டார் ரூம்லயே கெடக்குது, கையால அள்ளி ஒரு மதிப்புல போடறதுதாம்மா." 1000 லிட்டருக்கு 4 கிராம்னு கணக்கு, முழு டேங்குக்கு 120 கிராம். புதுப் பவுடர்ல 33 சதவீதம் சத்து இருந்தா லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் குளோரின் வரும். மூட்டையப் பிரிச்சு ஈரத்துல மாசக்கணக்கா வச்சா சத்து ஆவியாப் போயிடும், அதே 120 கிராம் போட்டாலும் கடைசிக் குழாய்க்கு ஒண்ணும் போய்ச் சேராது. நான் அந்த நிறம் பார்க்கிற சொட்டு மருந்து வாங்கிட்டுப் போய் டேங்க் பக்கத்துக் குழாய்ல பார்த்தேன், மஞ்சள் நல்லா வந்துச்சு. ஊர்க் கோடியில இருக்கிற குழாய்ல பார்த்தேன், நிறமே வரல. ஐப்பசியில வியாதி வந்த வீடெல்லாம் அந்தக் கோடிதான், நடுவுல ஒரு வால்வு குழி சாக்கடைத் தண்ணியில முங்கிக் கெடக்கு, சப்ளை நின்னதும் குழாய் அதை உள்ள இழுக்குது. அந்தக் குழிய ரிப்பேர் பண்ணச் சொல்லி ஊர்ல இருந்து மனு கொடுத்தது எத்தனை தடவன்னு எண்ணவே முடியாது. பிள்ளைங்க உசிரு போற விஷயம், ஒரு வால்வு!

பாத்திரத்தையும் சொல்லாம விட முடியாது. கல்கத்தாவுல 1980கள்ல காலரா வந்த வீடுகள்ல ஒரு பகுதிக்கு வாய் குறுகின மண் கூஜா மட்டும் கொடுத்தாங்க, ஒரு பகுதிக்கு குளோரின், ஒரு பகுதிக்கு எதுவும் இல்ல. எதுவும் கொடுக்காத வீடுகள்ல மத்தவங்களுக்குத் தொத்தினது 17.3 சதவீதம், குளோரின் வீட்டுல 5.8, வெறும் கூஜா வீட்டுல 4.4. கையை உள்ள விட முடியாதுங்கிறது ஒண்ணுதான் வித்தியாசம். செம்புக் குடத்துல 16 மணி நேரம் வச்சா கிருமி சாகுதுன்னு பெங்களூர்ல 2012ல காட்டியிருக்காங்க, உண்மைதான், ஆனா இப்போ செம்புக் குடம் வாங்குற விலைக்கு குழாய் வச்ச மூடி பக்கெட் எத்தனையோ வாங்கலாம்.

இதை எல்லாம் போட்டுப் பார்த்து எங்க கூட்டத்துல நான் சொன்ன முடிவு இது. காசுல பெரும் பகுதி டேங்குக்கு, தண்ணி ஏறுறப்பவே அளவாக் கலக்குற குளோரின் கருவி, பவுடர் வைக்க மூடி போட்ட டிரம், ஒரு தராசு, ஆபரேட்டர் அண்ணனுக்கு மாசம் ஒரு தொகை. டேங்க் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நிரம்புதுன்னு வச்சாலும் பவுடரே போட்டா மாசத்துக்கு ஏழு கிலோ சொச்சம்தான், செலவு அதுல இல்ல, ஒழுங்குல இருக்கு. அடுத்த பங்கு கோடித் தெரு வீடுகளுக்கும் சின்னப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கும் குழாய் வச்ச பக்கெட். சொந்த போர் வச்சிருக்கிற காட்டு வீடுகளுக்கு டேங்க் தண்ணி போகாது, அவங்களுக்கு மட்டும் குடத்து அளவுக்குப் பொருந்துற குளோரின் சொட்டு பாட்டில், மகளிர் குழு அக்கா ஒருத்தங்க வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி. மழைக் காலத்துல கோடித் தெருவுக்கும் அதே. ஃபில்டர் கேட்டவருக்கு வருத்தம்தான், மாத்துப் பானை வர்ற வழிய அவரே ஏற்பாடு பண்ணினா அடுத்த வருஷம் காட்டு வீடுகள்ல பார்க்கலாம்னு சொன்னேன்.

எப்படி மதிப்பிடறதுங்கிறதுல ஒரு சண்டையே நடந்துச்சு. வயித்துப்போக்கு எத்தனை பேருக்குன்னு எண்ணிப் பார்த்தாப் போச்சுன்னாங்க. 180 வீட்டுல நூறு சின்னப் பிள்ளைங்க, ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவன்னு வச்சா 200, டாக்கா அளவுக்கு 23 சதவீதம் குறைஞ்சா 154. ஒரு வருஷம் மழை கம்மியாப் பெஞ்சாலே அந்த அளவுக்கு ஏறி இறங்கும், நம்ம வேலையா மழையான்னு பிரிக்க முடியாது. அடிக்கடி போய்க் கேட்டாலும் கெட்டுப் போகும், கென்யாவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போய்க் கேட்ட வீடுகள்ல, எப்பவாவது கேட்ட வீடுகளவிட குளோரின் போடறதும் கூடிப் போச்சு, பேதின்னு சொல்றதும் குறைஞ்சு போச்சு, கேள்வி கேட்டதே ஒரு திட்டமாயிடுச்சு. அதனால எங்க ஊர் அளவுக்கு எண்ண வேண்டியது பேதிய இல்ல, குடத்துல குளோரின் இருக்கா இல்லையான்னுதான். அதோட சில வீட்டுல எச்2எஸ் பாட்டில், 1982ல நம்ம நாட்டுலயே மஞ்சாவும் அவர் கூட இருந்தவங்களும் கொண்டுவந்தது, தண்ணிய ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா மலக்கிருமி இருந்தா கருப்பாயிடும். எங்க சித்திங்க கருப்பானதைப் பார்த்த அன்னிக்கு நான் சொன்ன எதுவும் செய்யாததை அது செஞ்சுது, ரெண்டு வீட்டுல அன்னிக்கே குடத்தைக் கவுத்துக் கழுவினாங்க.

பிளஸ் டூ முடிச்ச பொண்ணு ஒருத்தி சொட்டு மருந்த எடுத்துட்டு வாரம் ரெண்டு நாள் நாலு குழாய்ல பார்த்து நோட்டுல எழுதறா, ஒண்ணு எப்பவும் கோடிக் குழாய். நிறம் வரலைன்னா ஆபரேட்டர் அண்ணனுக்கு அன்னிக்கே போன். வீட்டுக் குடத்துக்கு மட்டும் யார் வீடுன்னு முன்னாடியே தெரியக் கூடாதுன்னு ரேஷன் கார்டு நம்பரை சீட்டுல எழுதிக் குலுக்கி 30 வீடு எடுக்கப் போறோம், தேதி நான் யாருக்கும் சொல்லல, அம்மாவுக்கும் சொல்லல. முப்பதுல இருவது குடத்துலயாவது 0.2 இல்லைன்னா ரெண்டாவது தவணைக் காசு வால்வு குழிக்குப் போகுது.